நாயாற்று விடியலில் ஒரு செயற்கைக்கோள்

தலைமன்னாரில் சுங்க அதிகாரி என் மூட்டையை அவிழ்த்து அலுமினியக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினார். நீளமானது ஒன்று, அதற்குக் குறுக்கே மாட்டுகிற சிறியவை பல. "இது என்னம்மா, திமிங்கிலத்தின் முள்ளா?" என்று கேட்டார். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் குரலைப் பிடிக்கிற ஏரியல் என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். ரயில் கிளம்பிய பிறகு, அங்கே வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவர் அதைத் தமிழில் சொன்னார்: "ஆகாயம் பேசுவதைக் கேட்க வந்திருக்கிறாராம், நாம் பேசினால் இவருக்குப் புரியவில்லையே!"

சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கிறேன். எங்கள் சிறிய ஆராய்ச்சிக் குழுவுக்கு, வெளிநாட்டார் ஏவிய ஒரு செயற்கைக்கோள்மீது வெகுநாளாக ஒரு கண். ஒரு பெரிய பூசணிக்காய் அளவுதான் இருக்கும். அதன் வயிற்றில் இரண்டு கருவிகள். ஒன்று, விண்வெளியில் பாய்ந்து வரும் கதிர்வீச்சுத் துகள்களை எண்ணுகிறது. மற்றது, கோளின் மேல்தோலில் எவ்வளவு மின்னேற்றம் சேர்கிறது என்று அளக்கிறது. இரண்டையும் இரண்டு விசில் ஒலிகளாக வானொலியில் அனுப்பிக்கொண்டே போகும். அளவு ஏறினால் விசிலின் சுருதியும் ஏறும்.

அதற்கு ஞாபகசக்தி கிடையாது. பார்த்ததைப் பார்த்த கணமே சொல்லிவிடும். அந்த நேரத்தில் கீழே யாரும் கேட்டுக்கொண்டிராவிட்டால் சொன்னது காற்றோடு போயிற்று. போதாததற்கு, எந்தக் கதிர்வீச்சை அளக்கப் போனதோ அதுவே அதன் சூரியத் தகடுகளைக் கெடுத்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு வாரம் குரல் மெலிந்துவந்தது.

நாங்கள் கேட்க விரும்பியது ஒரே ஒரு கட்டத்தைத்தான். கோள் பூமியின் நிழலிலிருந்து வெளியே வந்து முதல் வெயில் அதன்மேல் படும்போது, தோலில் உள்ள மின்னேற்றம் சட்டென்று மாறவேண்டும். எவ்வளவு மாறும், எவ்வளவு வேகமாக மாறும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் அது இலங்கையின் வடபகுதிக்கு மேலே, விடியலுக்குச் சற்று முன்பு, நிழலை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. சென்னையில் மின்விசிறியும் லிஃப்டும் மின்சார ரயிலும் போடுகிற இரைச்சலில் அந்த மெலிந்த குரல் எடுபடாது. என்னுடன் படித்த திலகவதி அந்த வடபகுதியில், வன்னியில் இருந்தாள். மின்சாரம் இல்லாத ஊர் என்று கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டாள். அந்தக் குறைதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

கிளிநொச்சி ஸ்டேஷனில் என்னைக் கட்டிக்கொண்டு, "எடி வத்சலா, நல்லா மெலிஞ்சு போனாய்" என்றாள். நான் எடை கூடியிருந்தேன் என்பது இருவருக்கும் தெரியும். அவள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கணவருக்கு ஸ்கந்தபுரத்தில் அரசாங்கம் கொடுத்த குடியேற்றக் காணி. என் கருவிகளுக்கான கார் பேட்டரியை ஒரு கராஜில் கொடுத்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு, யாரோ ஒருவருடைய டிராக்டர் பெட்டியில் உர மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தோம்.

குசினி என்கிற சமையலறையில் புட்டும் சொதியும் காத்திருந்தன. மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பால் விட்ட சொதியைப் பார்த்து, நம் மோர்க்குழம்பின் தங்கை என்று நினைத்தேன். ஒரு வாய் வைத்ததும் இது வேறு குடும்பம் என்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து இருந்த நாளெல்லாம் அதையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்து, "ரீச்சரோட கதைக்க வந்தனாங்கள்" என்றார்கள். எங்கள் ஊரில் கதைப்பது என்றால் இல்லாததைச் சொல்வது. இங்கே எல்லோரும் நாள் முழுக்க உண்மையையே கதைக்கிறார்கள்.

மறுநாள் விடியுமுன் ஏரியலை முற்றத்தில் நட்டு, ரேடியோவையும் டேப் ரிக்கார்டரையும் பேட்டரியோடு இணைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கோள் வரவேண்டிய நேரத்துக்குச் சற்று முன்பாகக் காதுக்குள் படபடவென்று ஒரு சத்தம். ஆயிரம் பேர் சேர்ந்து கடலை வறுப்பதுபோல. கருவி கெட்டுவிட்டதோ என்று பதறினேன். ஹெட்போனைக் கழற்றினால் அதே தாளத்தில் வெளியிலும் ஒரு சத்தம் கேட்டது. அடுத்த தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் இயந்திரம்! அதன் ஒவ்வொரு தீப்பொறியும் என் ரேடியோவில் வந்து வெடித்துக்கொண்டிருந்தது.

அந்தத் தோட்டம் வேலுப்பிள்ளையினுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர். ஐம்பது வயதிருக்கும். நெல்லோடு மிளகாயும் போட்டிருந்தார். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடித்து மண்ணைக் காயவைத்த காலம் அது. திலகம் என்னை அவரிடம் அழைத்துப் போனாள்.

"ஐயா, விடியற்காலையில் கொஞ்ச நேரம் மட்டும் இயந்திரத்தை நிறுத்த முடியுமா?" என்று கேட்டேன்.

"விடிய முன்னம்தான் ரீச்சர் எனக்குக் கிணத்தில முறை. பிறகு மற்ற ஆக்கள் இறைப்பினம். மிளகாய்க் கண்டு பூக்கிற நேரம் வேற." கொஞ்சம் யோசித்தார். "எவ்வளவு நேரத்துக்கு?"

"ஒரு தேநீர் குடிக்கிற நேரம்."

"அவ்வளவுதானே? நிப்பாட்டுறன்."

சொன்னபடி மறுநாள் நிறுத்தினார். படபடப்பு அடங்கியதும், அதற்குப் பின்னால் இன்னொரு படபடப்பு மெலிதாகக் கேட்டது. வாய்க்காலுக்கு அப்பால் வேறு யாரோ இறைத்துக்கொண்டிருந்தார்கள். கோள் வந்ததோ போனதோ தெரியவில்லை. அது போகட்டும். வேலுப்பிள்ளையின் இயந்திரம் மறுபடி கிளம்ப மறுத்துவிட்டதுதான் பெரிய சங்கடம். அவர் கயிற்றைச் சுற்றி இழுத்தார். திலகத்தின் கணவர் இழுத்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்து, நெருப்பில் காட்டி, மாட்டி, மறுபடி இழுத்தார்கள். ஒருவழியாக அது இருமிக்கொண்டு எழுந்தபோது கிணறு அடுத்தவர் முறைக்குப் போய்விட்டது.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரே அருகில் வந்து, "என்ன ரீச்சர், கேட்டதோ?" என்றார். இல்லை, வேறொரு இயந்திரம் ஓடியது என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அப்ப என்ர கண்டும் காய்ஞ்சுது, உங்கட சந்திரனும் கதைக்கேல்லை!"

மாலையில் கிணற்றுக்காரரிடம் கேட்டு, நானும் திலகமும் வாளியால் மொண்டு அவர் மிளகாய்ப் பாத்திகளில் சிலவற்றுக்கு ஊற்றினோம். கை கொப்பளித்துவிட்டது. நான் ஊற்றுகிற அழகைப் பார்த்து அவர் மனைவி வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். அப்போதுதான் வேலுப்பிள்ளை சொன்னார்: "இஞ்ச உங்களுக்குச் சரிவராது. மிசின் சத்தம் கேளாத இடம் எண்டால் கடற்கரையில நாயாறுதான். அங்க அந்தோனியம்மா எண்டு ஒரு ஆள் இருக்கிறா. நான் மிளகாய் குடுத்துக் கருவாடு எடுக்கிறனான். எப்பிடியும் போகவேணும். வெளிக்கிடுங்கோ, கூட்டிக்கொண்டு போறன்."

திலகம் பள்ளிக்கு விடுப்புச் சொன்னாள். மாட்டுவண்டியில் மல்லாவிக்குப் போனோம். சந்தையில் பாலைப்பழம் குவித்து விற்றார்கள். மஞ்சளாக, வேப்பம்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாக, தேன்போல ஒரு தித்திப்பு. கை நிறைய வாங்கித் தின்றேன். பழத்தின் பாலில் மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொண்டன. நான் பேச முடியாமல் கையை ஆட்டியதை ஊர் கூடி ரசித்தது. ஒரு கடைக்காரம்மா தேங்காயெண்ணெயை விரலில் தொட்டு உதட்டில் தடவி என்னை மீட்டார்.

விபத்து அங்கிருந்து கிளம்பிய பஸ்ஸில் நடந்தது. பேட்டரியைக் காலுக்கிடையில் வைத்துப் பிடித்திருந்தேன். மாங்குளம் தாண்டிக் காட்டுக்குள் போகும்போது வழியை மறித்து எருமைகள் நின்றன. டிரைவர் பிரேக் போட்டார். பேட்டரி சாய்ந்து, அமிலம் பஸ்ஸின் தரையில் ஓடியது. எனக்கு முன்னால் சலவை வேட்டியும் சால்வையுமாகக் கல்யாண வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார் ஒருவர். அவர் வேட்டியின் கரை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சல்லடையாயிற்று.

"என்ன இது, கறையான் மாதிரி!" என்று எழுந்து நின்றார்.

"யாரிடமாவது வெற்றிலைச் சுண்ணாம்பு இருக்கிறதா?" என்று கத்தினேன். அமிலத்தை அடக்கச் சுண்ணாம்பு போதும். பஸ்ஸில் வெற்றிலை போடாதவர் யார்? மடியிலிருந்தும் முந்தானையிலிருந்தும் டப்பிகள் வந்தன. ஆளாளுக்கு வழித்துத் தரையில் போட்டார்கள். அது நுரைத்துப் பொங்குவதைப் பார்க்கப் பின்சீட்டுக்காரர்களெல்லாம் முன்னால் வந்தார்கள். கண்டக்டர் குடிதண்ணீரை ஊற்றிக் கழுவினார். நல்லவேளை, யார் காலும் வேகவில்லை. வேலுப்பிள்ளை தம் பையைத் திறந்து, மாற்றுக்கு வைத்திருந்த வேட்டியை எடுத்துக் கல்யாணக்காரரிடம் நீட்டினார். அவர் காட்டோரம் இறங்கி உடுத்திக்கொண்டு வந்தார். "உங்கட வேட்டிதான் நல்ல வடிவு" என்று உட்கார்ந்தார். அதோடு தகராறு முடிந்தது. சென்னை பஸ்ஸாக இருந்தால் நான் போலீஸ் ஸ்டேஷனில் இறங்கியிருப்பேன்.

நாயாறு என்பது ஒரு பக்கம் களப்பு என்கிற உப்பங்கழி, ஒரு பக்கம் கடல், நடுவே வெள்ளை மணல். தென்னோலை வேய்ந்த வாடிகள் வரிசையாக நின்றன. மீன்பிடி காலத்துக்கு வந்து தங்குகிற குடிசைகள் அவை. அந்தோனியம்மாவுக்குச் சொந்தமாக இரண்டு மீன்பிடி வள்ளங்கள், அவற்றில் போகிற ஆட்கள், கருவாடு காய்கிற பரப்பு ஒன்று. நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்தபின் தாமே தொழிலை நடத்துகிறார். கழுத்தில் சிலுவை, இடுப்பில் சாவிக்கொத்து. வேலுப்பிள்ளை விவரம் சொல்லச் சொல்ல, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மேல சுத்துற சாமானுக்கு ஆர் தங்கச்சி பற்றறி சார்ஜ் பண்ணுறது?"

"வெயில்" என்றேன்.

"எங்கட கருவாட்டுக்கும் வெயில்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். அன்றைக்கு அவர் வைத்த இறால் குழம்பைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

முதல் விடியலில் மணலில் ஏரியலை நட்டுக் கேட்டேன். அப்படியொரு அமைதியை அந்த ரேடியோவில் நான் கேட்டதே இல்லை. மெல்லிய சீறல் மட்டும். அதற்குள்ளிருந்து நூல்போல ஒரு விசில், பிறகு இன்னொன்று. கோள் நிழலுக்குள் இருந்தபடியே, தன்னிடம் மிச்சமிருந்த மின்சாரத்தில் பேசிக்கொண்டு வந்தது. "வருது, வருது" என்று திலகத்தின் கையைப் பிடித்தேன். டேப் சுருள் சுற்றியது, தளர்ந்தது, நின்றது. காதில் எல்லாம் அணைந்துவிட்டது. பாதி அமிலத்தைப் பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்ட என் பேட்டரி அவ்வளவுதான் தாங்கியது.

மேலே எங்கோ அது வெயிலுக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் செத்த பேட்டரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திலகம் என் பக்கத்தில் உட்கார்ந்து கம்பிகளைச் சுருட்ட ஆரம்பித்தாள். அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

அந்நேரம் மீன் ஏற்ற லொறி வந்து நின்றது. அன்றாடம் விடியலில் வந்து, மீனை ஐஸில் அடுக்கி, வவுனியா ரயிலுக்குக் கொண்டுபோகிற லொறி. திலகம் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கும் அதே நினைப்புத்தான்: லொறியின் பேட்டரி. ஆனால் கேட்க மனம் வரவில்லை. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி ஒருவரைப் படுத்தியது போதாதா? இவருக்கு ஐஸ் உருகும், ரயில் போய்விடும்.

அந்தோனியம்மா சும்மாயிருக்கவில்லை. "மீன் ஏத்தி முடியுமட்டும் லொறி சும்மாதானே நிக்குது? அந்த நேரம் பற்றறியைக் கழட்டினால் ஆருக்கு நட்டம்? நான் கேக்கிறன்" என்று போனார்.

டிரைவர் பியசேன தெற்கத்திச் சிங்களவர். சாரம் என்கிற கைலியை மடித்துக் கட்டிய தடித்த மனிதர். இருவரும் சிங்களத்தில் உரக்கப் பேசினார்கள். திலகம் எனக்கு மெல்லச் சொன்னாள்: "கழற்றுவது பிரச்சினை இல்லையாம். கிழட்டு பேட்டரியாம். கழற்றினால் கோபித்துக்கொள்ளுமாம். பிறகு ஸ்டார்ட் வராவிட்டால் மீனுக்கு யார் பதில் சொல்வது என்கிறார்."

வேலுப்பிள்ளை குறுக்கே வந்தார். அவருக்குச் சிங்களம் வராது. மார்பில் தட்டி, பிறகு லொறியைக் கையால் தள்ளிக் காட்டினார். "ஸ்டார்ட் வராட்டி நான் தள்ளுறன் எண்டு சொல்லுங்கோ. கிளம்பாத மிசினோட நான் நல்லாப் பழகினனான்."

பியசேன அவருடைய தோள்களைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு நாளைக்குச் சற்று முன்னதாகவே வருகிறேன் என்றும், தனக்கும் அதைக் கேட்கக் கொடுக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் இருட்டு விலகுமுன் லொறி வந்தது. பேட்டரியைக் கழற்றி அவரே சுமந்துவந்து என் பக்கத்தில் வைத்தார். கம்பிகளை மாட்டினேன். வள்ளங்கள் கரையேறின. அந்தோனியம்மா தராசடியில் நின்று மீனை நிறுத்து ஏற்றிக்கொண்டிருந்தார். "நீங்கள் கேட்க வரவில்லையா?" என்றேன். "இண்டைக்கு மீன் கனக்க. நாளைக்குக் கேக்கிறன், போங்கோ" என்றார்.

சீறலுக்குள்ளிருந்து அதே நூல் எழுந்தது. திலகம் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்ல, நான் ஏரியலை மெல்லத் திருப்பினேன். டேப் ஒரே சீராகச் சுற்றியது. எண்ணும் விசில் மேலே போவதும் இறங்குவதுமாக அலைந்தது. மின்னேற்ற விசில் கீழ்ச்சுருதியில் அசையாமல் நின்றது. வானத்தில் எதுவும் தெரியவில்லை, சில நட்சத்திரங்களும் சாம்பல் நிறக் கடலும்தான்.

அப்போது அது நடந்தது. கீழே நின்ற விசில் ஒரே தாவலாக மேலேறி, சற்று நடுங்கி, புதிய சுருதியில் நிலைத்தது. குரலும் பலத்தது. வெயில் பட்டுவிட்டது! நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரிய தாவல், வெகு விரைவான தாவல். வகுப்பில் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதிய விஷயம், இப்போது என் காதுக்குள் நடக்கிறது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஹெட்போனைக் கழற்றிப் பியசேனவின் தலையில் மாட்டினேன். பெரிய உடம்பைக் குறுக்கி மணலில் மண்டியிட்டு அவர் கேட்டார். முதலில் புருவத்தைச் சுருக்கினார். பிறகு ஒரு சொல் சொன்னார். கோளின் குரல் குறைந்து குறைந்து கடலுக்கு அப்பால் மறையும்வரை ஹெட்போனைக் கழற்றவில்லை. என்ன சொன்னார் என்று திலகத்தைக் கேட்டேன். "உயிரோடு இருக்கிறது என்றார்."

பேட்டரி கோபித்துக்கொள்ளத்தான் செய்தது. லொறி ஒரு முனகல் முனகி ஓய்ந்தது. பியசேன வேலுப்பிள்ளையைப் பார்த்தார். வேலுப்பிள்ளை சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் போனார். வள்ளத்து ஆட்கள், வலை காயப்போட்ட பெண்கள், திலகம், நான், எல்லோரும் தோள் கொடுத்தோம். சக்கரத்தடியில் தென்னோலை போட்டோம். மணலில் அது அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கெட்டித் தரைக்கு ஏறி, உறுமிக் கிளம்பியபோது வேலுப்பிள்ளை பிடி தவறிக் குப்புற விழுந்தார். எழுந்து, முகமெல்லாம் மணலாக, "பாத்தியளே, என்ர கை பட்டால் கிளம்பும்!" என்றார். லொறி ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்து ஆடியது. மாலையில் வந்த மீன் வியாபாரி ஒருவர், மீன் ரயிலைப் பிடித்துவிட்டதாகச் செய்தி சொன்னார். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த விடியலிலும் பியசேன கேட்காமலே பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்தார். மீன் குறைவு. அந்தோனியம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹெட்போனை அவருக்கு மாட்டிவிட்டு, நான் கருவியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் வந்தது. முள் அசையவில்லை. ஏரியலைத் திருப்பினேன், குமிழ்களைத் திருகினேன். சீறலைத் தவிர ஒன்றுமில்லை. கோள் எங்கள் தலைக்குமேல் எப்போதும்போலப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். அதன் சூரியத் தகடுகள் ஓய்ந்துவிட்டன. சில வாரங்களாக எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அந்தக் காலையிலா?

அது கடக்கவேண்டிய நேரம் முழுவதும் அந்தோனியம்மா அசையவில்லை. கண்களை மூடி, இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழ்வானம் சிவந்த பிறகு நான் அவர் தோளைத் தொட்டேன்.

"அக்கா, அது பேசாது. ஓய்ந்துவிட்டது."

"அப்ப நேற்றுக் கதைச்சதுதான் கடைசியோ?"

"எங்களுக்குக் கேட்டதில் அதுதான் கடைசி."

ஹெட்போனைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து என்னிடம் தந்தார். அவருக்குச் சமாதானமாக ஏதாவது சொல்ல நினைத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பறவாயில்லை தங்கச்சி. அது கதைச்ச நேரம் நான் மீன் நிறுத்துக்கொண்டு நிண்டனான். அதில அதுக்கென்ன பிழை?" எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார். "நீங்கள் கேட்டதைப் பிடிச்சு வச்சிருக்கிறியள்தானே? அதை ஒருக்காப் போடுங்கோ, கேப்பம். பியசேன, நீயும் நில்லு."

லொறி பேட்டரியிலேயே டேப்பைப் பின்னுக்குச் சுற்றிப் போட்டேன். இந்தத் தடவை ஸ்பீக்கரில். மீன்கூடைகளை வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். கீழ்விசில் மேலே தாவிய இடத்தில் அந்தோனியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"இதுதானோ வெயில்?" என்று கேட்டார்.

"இதுதான்" என்றேன்.

"இன்னொருக்காப் போடுங்கோ."